ருதுராஜ் முழங்கை

2025 ஐபிஎல்லில் சிஎஸ்கே ஏன் நாறிச்சுன்னு ராயபுரம் டீக்கடையில கேட்டுப் பாருங்க. "கேப்டன் கை உடைஞ்சுது, கதை முடிஞ்சுது"ம்பாங்க.

எனக்கு அப்படித் தோணலைங்க. மார்ச் 30, குவாஹாத்தியில துஷார் தேஷ்பாண்டே பந்து ருதுராஜ் முழங்கையைப் பதம் பார்த்தது நிஜம். அந்த வலியோடவே இன்னும் ரெண்டு மேட்ச் ஆடினார், பாவம். ஆனா அவர் விலகுறதுக்குள்ளயே அஞ்சுல நாலு தோல்வி! அப்புறம் தோனி கேப்டன். முதல் மேட்ச்லயே சேப்பாக்கத்துல வெறும் 103 ரன். கடைசியில பத்தாவது இடம்.

2018ல கேதார் ஜாதவ் முதல் மேட்ச்லயே தொடைத்தசை பிடிச்சு சீசனை விட்டே போனார். கப் நமக்குத்தானே வந்தது? ராயுடு மட்டும் 602 ரன் அடிச்சார். தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தாங்க.

2025லயும் ஒருத்தன் கிடைச்சான், லேட்டா. ருதுராஜ் இடத்துக்கு வந்த 17 வயசு ஆயுஷ் மாத்ரே, பெங்களூருல 48 பந்துல 94! அதுவும் 2 ரன்ல தோல்வி. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கலை :(