3+ போட்ட பிறகும்

ஓய்வு பெறப்போகும் நேரத்தில் ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. புற்றுநோய் சிகிச்சையைக் கூடி முடிவு செய்யும் ட்யூமர் போர்டில் ஓர் இளம் மருத்துவர் கேட்டார்: "ஹெர்2 ரிப்போர்ட்தான் பழைய ஃபைல்ல இருக்கே, மறுபடி எதுக்கு பயாப்ஸி?" ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுத்தும் கல்லீரலுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் அது. பத்தாலஜிஸ்ட் என்றால் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்குகிறவர் என்றே நினைக்கிறார்கள்.

பத்தாலஜிஸ்ட்டாக என் பணிக்காலம் முழுக்க என்னை அலைக்கழித்தவை ஹெர்2-க்குச் சாயமேற்றிய 3+ ஸ்லைடுகள்தான். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வைச் சுற்றி அறுபடாத அடர்பழுப்பு வளையம் இருந்தால் 3+. அப்படிப்பட்ட கட்டியே மருந்துக்கு அசையாதபோது என்ன சொல்வது? டிராஸ்டுசுமாப் ஹெர்2-இன் வெளிப்பகுதியில், சவ்வை ஒட்டிய இடத்தில் ஒட்டுகிறது. சாயமேற்ற நாங்கள் பயன்படுத்தும் 4பி5 ஆன்டிபாடியோ செல்லுக்குள் இருக்கும் பகுதியைப் பிடிக்கிறது. வெளிப்பகுதி இல்லாத பி95 என்ற குறுகிய வடிவம் சில கட்டிகளில் பெருகிக் கிடக்கும். பூட்டு போன கதவில் சாவிக்கு என்ன வேலை? ஸ்லைடு மட்டும் பழுப்பாகவே தெரியும்.

கட்டி மருந்துக்குத் தப்ப வேறு வழிகளும் உண்டு. வளர்ச்சிக்குக் கடிவாளமான பிடென் புரதத்தைக் கட்டி இழந்தாலோ, பிஐகே3சிஏ மரபணு மாறினாலோ, மேலே அடைத்தாலும் உள்ளே வளர்ச்சிக் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும். சில கட்டிகளில் ஒரு மூலை 3+, அடுத்த மூலை வெறும் 0. மருந்து முதல் மூலையை அழிக்கும்; மிஞ்சியது வளரும். சிகிச்சைக்குப் பின் எஞ்சிய கட்டி ஹெர்2-வையே இழந்திருப்பதும் உண்டு. பழைய ரிப்போர்ட்டில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

இப்போது இந்தப் பரிசோதனையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும். வெள்ளி மாலை அகற்றிய மார்பகத்தைக் கீறாமலே வாளியில் போட்டுத் திங்கள்கிழமை அனுப்புகிறார்கள். ஃபார்மலின் எட்டாத நடுப்பகுதி அதற்குள் கெட்டுப்போகிறது. பிறகு ஸ்லைடைப் போனில் படமெடுத்து, "2+ஆ, 3+ஆ?" என்று கேட்கிறார்கள். 2+ என்றால் தெளிவில்லாத முடிவு; மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்தாக வேண்டும், அதையும் தட்டிக்கழிக்கிறார்கள்.

இளம் மருத்துவர்களே, நோய் திரும்பினால், எடுக்க முடிகிற இடமாக இருந்தால், திசுவை மறுபடி எடுங்கள். அடுத்த மருந்தை எழுதுவதற்கு முன் பத்தாலஜிஸ்ட்டிடம் வந்து, மைக்ராஸ்கோப்பில் உங்கள் கண்ணாலேயே ஒருமுறை பாருங்கள்.