மொறிஸ் மைனருக்கு அதன் சொந்தக் காபரேற்றர்

மே 31, சனி

பெரியப்பாவின் மொறிஸ் மைனரிலிருந்து யப்பான் காபரேற்றரை இன்று கழற்றியாயிற்று. முன்பு யாரோ தடித்த தகடொன்றை வெட்டித் துளைபோட்டு, பொருந்தாத அதை உள்ளிழுக்கும் குழாயோடு இறுக்கி வைத்திருந்தார்கள். கார் ஓடாமலில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் எடுக்கப் பாடுபட வேண்டும். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் இழுவை போதாது. பெற்றோலும் கணக்கில்லாமல் போகும். இலங்கையில் எத்தனையோ மைனர்களுக்கு இதுதான் நடந்திருக்கிறது. சொந்தக் காபரேற்றர் கொஞ்சம் தேய்ந்ததும் அதைத் திருத்தாமல், கையில் அகப்பட்டதைப் பூட்டிவிடுகிறார்கள். நல்ல காரைக் கெடுக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

காரோடு வந்த எஸ்.யு. காபரேற்றரைப் பெரியப்பா எறியவில்லை. பழைய வீரகேசரித் தாளில் சுற்றி, பிஸ்கற் தகரத்தில் போட்டு, அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். கார் 1964ஆம் ஆண்டுக்குரியது, 1098 சீசீ எஞ்சின். அதற்குரியது எச்.எஸ்.2 வகை, ஒன்றேகால் அங்குல வாய். வாவிக் காற்றின் உப்பில் வெளிப்புறம் வெள்ளை பூத்துக் கிடந்தது. மாமா அதைக் கையில் வாங்கி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார்.

“உயிர் இருக்கு மனே. இதத் திருத்தலாம்.”

மாமா என்று நான் கூப்பிடுவது வயதுக்காக. ஊறணிப் பக்கம் நெடுங்காலம் கராச் நடத்தியவர்.

ஜூன் 2, திங்கள்

பிரித்து, பெற்றோலில் ஊறவைத்துக் கழுவினோம். பிசின்போல் ஒட்டியிருந்ததைத் துணியால் மட்டுமே துடைத்தோம். அரத்தாளைக் கிட்டக் கொண்டுவர மாமா விடவில்லை. பிஸ்டனுக்கும் சேம்பருக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில்தான் இதன் வேலை முழுவதும் இருக்கிறது.

மற்றக் காபரேற்றர்களில் எஞ்சின் சும்மா ஓடுவதற்கு ஒரு ஜெற், வேகத்துக்கு இன்னொரு ஜெற், சடுதியாக மிதிக்கும்போது பெற்றோலைப் பீச்ச ஒரு சின்னப் பம்ப். எஸ்.யுவில் ஒரே ஜெற். அக்சிலேற்றரை மிதித்தால் சேம்பருக்குள் வெற்றிடம் கூடும், பிஸ்டன் எழும்பும், அதன் அடியில் உள்ள ஊசியும் கூடவே எழும்பும். ஊசி நுனி மெலிந்தது. அது மேலே போகப்போக ஜெற்றின் வாய் அகன்று பெற்றோல் கூடுதலாக வரும். காற்றும் பெற்றோலும் எஞ்சின் கேட்கும் அளவுக்குத் தாமே கூடிக் குறையும். பிஸ்டன் தண்டுக்குள் விடும் கொஞ்ச எண்ணெய், அது திடீரென எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணம் கலவை செறிந்து கார் தயங்காமல் பாயும். இவ்வளவு சிக்கனமான சிந்தனையை வேறு எந்த எஞ்சின் பாகத்திலும் நான் கண்டதில்லை.

எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். இங்கிலாந்தின் சப்பாத்து வியாபாரக் குடும்பமொன்றில் பிறந்த ஜோர்ஜ் ஹேர்பேர்ட் ஸ்கின்னர் 1905இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். முதலில் பிஸ்டன் இல்லை, தோல் துருத்தி இருந்தது. தோலோடு வளர்ந்தவருக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. 1926இல் வில்லியம் மொறிஸ் அந்த நிறுவனத்தையே வாங்கினார். 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் வெளிவந்தபோது, அதற்குக் காபரேற்றர் சொந்த வீட்டிலேயே இருந்தது. 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் உருவாயின.

ஜூன் 5, வியாழன்

நோய் இருந்தது திரொட்டில் தண்டில். விரலால் ஆட்டினால் பக்கவாட்டில் ஆடியது. அந்த இடைவெளியால் காற்று களவாக உள்ளே போகும், கலவை மெலியும், எஞ்சின் சும்மா ஓடும்போது ஓட்டம் ஏறி இறங்கும். கலவையை எப்படித் திருகினாலும் சரிவராது. பல மெக்கானிக்குகள் இந்த இடத்தில்தான் “காபரேற்றர் முடிஞ்சுது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். முடிந்தது ஒரு தண்டும் இரண்டு புஷ்ஷும் மட்டுமே.

தண்டின் நடுவே உள்ள வட்டத் தகட்டை இரண்டு சின்னத் திருகாணிகள் பிடித்திருக்கும். கழன்று எஞ்சினுக்குள் விழாதபடி அவற்றின் நுனியைப் பிளந்து விரித்திருப்பார்கள். விரிந்ததை முதலில் நெரித்து ஒடுக்கிவிட்டே கழற்ற வேண்டும். தகட்டின் ஓரம் சாய்வாகச் சீவியது, எந்தப் பக்கம் எதுவென்று கீறிக் குறித்துக்கொண்டோம். பிறகு லேத் பட்டறையில் இரு பக்கத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் பெருப்பித்து, பித்தளைப் புஷ் இறக்கினோம். நேர்கோடு பிசகினால் தண்டு இறுகிப்போகும். அரை நாள் வேலை. பொறுமையாகச் செய்த அந்தத் தம்பிக்குக் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன்.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். காத்தான்குடிக் கடைகள் பூட்டு. நண்பர் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வந்தது. மாமாவும் நானும் வேலையை விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மாமா 90களில் சில வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1990க்குப் பின் போரினால் வடக்குக்குப் பெற்றோல் போவதை அரசு தடுத்திருந்த காலம். மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைத் துளித்துளியாகக் காபரேற்றர் வாயில் விட்டு ஸ்டார்ட் எடுப்பார்கள். மைனரில் உள்ளிழுக்கும் குழாயும் புகைக் குழாயும் ஒட்டியே இருப்பதால் சூடு சீக்கிரம் ஏறும். ஏறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். கரி அடைத்துவிடும், எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போகும். அடிக்கடி பிரித்துக் கழுவியே ஆக வேண்டும்.

“கண்ண மூடிட்டுக் கழட்டிப் பூட்டுவன் மனே” என்றார்.

நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தக் கார்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. அந்த மெக்கானிக்குகளின் அறிவை யாரும் முறையாக எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத குறை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கியூ.ஆர். அட்டையைக் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பெற்றோலை வீணாக்கும் காபரேற்றரோடு அந்த நாட்களைக் கடந்தவர்களுக்குத் திருத்த வேலையின் பெறுமதி தெரியும்.

ஜூன் 9, திங்கள்

கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. ஊசி, ஜெற், மிதவை வால்வு, ரப்பர் வளையங்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பேர்லன் நிறுவனம் எஸ்.யு. உதிரிப்பாகங்களை இன்றும் செய்கிறது. நம் நாடும் இதில் பின்னிற்கவில்லை; மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து, பாத் நகரின் மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பிய காலம் உண்டு.

ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு. இன்றிரவு அதன் நிறைவான குளிர்த்தி. வேலை இல்லை.

ஜூன் 12, வியாழன்

பூட்டும் நாள். முதலில் பிஸ்டன் சோதனை. வில்லை எடுத்துவிட்டு, பிஸ்டனின் காற்றுத் துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்துச் சேம்பரை விழவிட்டோம். ஒன்றேகால் அங்குல வகைக்கு 3 முதல் 5 செக்கனில் விழ வேண்டும். விழுந்தது. அறுபது வருடத் தேய்மானத்துக்குப் பிறகும் அந்தச் சோடி பழுதில்லை.

ஊசியின் தண்டில் ‘ஏஎன்’ என்று பொறித்திருப்பதைச் சரிபார்த்தோம். காஸ்கற்றைக் கடதாசியில் நாமே வெட்டினோம். பிறகு ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவரும் வேலை. ஊசி ஜெற்றின் சுவரில் உரசக்கூடாது. ஜெற் நட்டைத் தளர்த்தி, ஜெற்றை மேலே தள்ளி, பிஸ்டனைக் கீழே அழுத்தியபடி நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது மெல்ல நகர்ந்துவிடும். மறுபடி தளர்த்த வேண்டும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டிக்’ என்று உலோகச் சத்தம் கேட்டால்தான் சரி. மாலைவரை இதிலேயே போயிற்று. அந்தச் சத்தம் வந்தபோது மாமா ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பையை எடுத்தார்.

ஜூன் 14, சனி

தண்டுக்குள் 20ஆம் இலக்க எண்ணெய் விட்டோம். கலவை நட்டை முழுக்க மேலே திருகி, பன்னிரண்டு முகம் கீழே இறக்கினோம். ஆறு முகம் ஒரு சுற்று. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, பிஸ்டனை ஒரு மயிரளவு உயர்த்திப் பார்க்க வேண்டும். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம்; எஞ்சின் நிற்கப் பார்த்தால் குறைவு; சற்றுக் கூடி மீண்டும் பழையபடி வந்தால் சரி. ஒரு முகம் மேலே திருகியதும் சரிவந்தது.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று போய் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குக் கடந்தோம். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை வாகனங்களை மிதவைப் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடத்துவார்கள். கொக்கட்டிச்சோலைக் கோயில் வாசல்வரை கச்சான் காற்றுக்கு எதிராகவே ஓட்டம். நாலாம் கியரில் எங்கும் திணறவில்லை.

உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் இப்படி ஒரு காபரேற்றர் கிடக்கலாம். பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சேம்பருக்கு அதற்கென்று பொருத்திய பிஸ்டன்தான் சேரும். இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தேய்ந்த மற்றதெல்லாவற்றையும் செய்துகொள்ளலாம்.