ஐந்து நிமிட பேட்டரி

எழுபது வயதில் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தேன் என்று சொன்னால் என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பேரன் உழவர்கரையில் எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மகனும் மருமகளும் மஸ்கட்டில். ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு நோட்டில் கலர் பேனாவால் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டிருப்பான். காலேஜ் நோட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்கு, "இந்த ஜப்பான் சீரியல் புரியல தாத்தா. அதான் எழுதி வெச்சுப் பாக்குறேன். இது மூணாவது தடவை" என்றான்.

"புரியாததை எதுக்குடா மூணு தடவை பாக்குற?"

பதில் இல்லை. சரி, நானும் பார்க்கிறேன் என்றேன்.

'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' என்று பெயர். 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் வந்த 26 பகுதிகள். இயக்குநர் ஹிடேயாக்கி அன்னோ. கதை 2015-இல் நடக்கிறது. (நிஜமான 2015-இல் உழவர்கரைக்கு மழைதான் வந்தது. வேறு ஆபத்து எதுவும் வரவில்லை.) தேவதூதர் என்று பெயர் வைத்த ராட்சத உருவங்கள் ஊரை அழிக்க வருகின்றன. அவற்றோடு சண்டை போட 'ஈவா' என்ற பிரம்மாண்ட உருவங்கள். ஓட்டுபவர்கள் 14 வயதுப் பிள்ளைகள். அதில் ஒருவன் ஷின்ஜி. சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். அப்பா கெண்டோ அவனை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் போனவர். பல வருடம் கழித்துக் கடிதம் போட்டு வரவழைக்கிறார். வந்தவனிடம் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. இதில் ஏறு என்கிறார்.

முதல் வாரம் நான் பிடித்தது மதச் சின்னங்களை. தேவதூதர் வெடித்தால் சிலுவை வடிவில் வெடிக்கிறது. ஏசுவின் விலாவில் குத்திய லோங்கினுஸின் ஈட்டி வருகிறது. மூன்று கம்ப்யூட்டர்களுக்கு மெல்கியோர், பல்தசார், கஸ்பார் என்று பெயர். கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டகத்தோடு நிற்கும் மூன்று ராஜாக்கள்தான். தொடரின் பெயருக்கே கிரேக்கத்தில் நற்செய்தி என்று பொருள். வில்லியனூர் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகும் நண்பர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு நானும் பத்துப் பக்கம் குறித்துவைத்தேன்.

பேரன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். இந்தத் தொடரின் உதவி இயக்குநர் கசுயா சுருமாகி ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாராம். ஜப்பானில் ரோபோ தொடர்கள் நிறைய, வித்தியாசமாகத் தெரியட்டும் என்றுதான் கிறிஸ்தவச் சின்னங்களை வைத்தோம், உள்ளர்த்தம் எதுவும் இல்லை என்று. நம் ஊரில் கடைக்கு வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர் வைத்திருப்பார்கள். உள்ளே போனால் இட்லி சாம்பார். அந்தக் கதைதான்.

மின்துறையில் இருந்தவன் என்பதால் அடுத்து என் கண் கரண்ட் பக்கம் போனது. ஆறாம் பகுதியில் ஒரே ஒரு குண்டு சுட ஜப்பான் நாட்டின் மொத்த மின்சாரத்தையும், 18 கோடி கிலோவாட், ஓரிடத்துக்குத் திருப்புகிறார்கள். நாடே இருண்டுபோகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு நம் ஊர் இருந்த இருட்டு ஞாபகம் வந்தது. அந்த நடவடிக்கைக்குப் பெயர் 'யாஷிமா'. அதே 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பம் வந்து மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ரசிகர்கள் இதே பெயரில் மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்திருக்கிறார்கள். கதையில் ஒரு குண்டுக்காக அணைத்த விளக்கை நிஜத்தில் அடுத்தவன் வீட்டுக்காக அணைத்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். ஈவாவின் முதுகில் ஒரு கேபிள் செருகியிருக்கும். அது அறுந்துவிட்டால் உள்ளே இருக்கும் பேட்டரி அதிகபட்சம் ஐந்து நிமிடம்தான் தாங்கும். அந்தக் கேபிளுக்கு அவர்கள் வைத்த பெயர் தொப்புள்கொடி. ஷின்ஜி ஓட்டும் ஈவாவுக்குள் இருப்பது இறந்துபோன அவன் அம்மாவின் ஆன்மா என்று பின்னால் தெரிகிறது. ஈட்டியும் சிலுவையும் ஒப்பனையாக இருக்கலாம். இந்த ஒயர் ஒப்பனை இல்லை என்று எனக்குப் பட்டது. இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு பிள்ளையிடம் வேலை வாங்கினால் அவன் எவ்வளவு நேரம் ஓடுவான்? கதையே இந்தக் கேள்விதான் என்று நோட்டில் எழுதினேன்.

பன்னிரண்டாம் பகுதியில் ஒரு சண்டை முடிந்ததும் அப்பா தொலைவிலிருந்து பேசுகிறார். நன்றாகச் செய்தாய் ஷின்ஜி என்கிறார். அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் இதில் ஏறுகிறேன் போலிருக்கிறது என்று பையன் அன்றைக்குத்தான் உணர்கிறான். பேரன் அந்த இடத்தில் நோட்டைத் தொடவே இல்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தடவை எதற்கு என்று இரண்டாவது முறை நான் கேட்கவில்லை.

கடைசி இரண்டு பகுதிகளில் சண்டையே இல்லை. பையன் தன் மனசுக்குள் உட்கார்ந்து தன்னையே கேள்வி கேட்டுக்கொள்கிறான். முடிவில் எல்லோரும் அவனைச் சுற்றி நின்று கைதட்டி வாழ்த்துகிறார்கள். அப்பாவும் நிற்கிறார். ராட்சதர்கள் யார், என்ன ஆனார்கள் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. ரசிகர்கள் கொதித்துப்போக, 1997-இல் வேறொரு முடிவோடு சினிமா வந்தது. 2007 முதல் 2021 வரை மறுபடி நான்கு படங்கள். பேரனின் கட்டங்கள் எல்லாம் இவற்றை ஒன்றோடொன்று பொருத்தத்தான். எனக்கு அந்தக் கைதட்டல் போதுமாக இருந்தது. அன்னோ இந்தத் தொடரை எடுக்கும் முன் பல வருடம் மனச்சோர்வில் கிடந்தவர் என்று பேரன் சொன்னான். அப்படிக் கிடந்தவனுக்கு ஈட்டியின் வரலாறா வேண்டும்?

போன வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அவர்களுக்கு அன்று விடுமுறை. ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. 8.1."

"ஏன், 8.5 வராதா?"

எனக்குச் சுருக்கென்றது. அது என் குரல். 1998-இல் மகன் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வாசலில் வந்து நின்றான். இயற்பியலில் 200-க்கு 182. மிச்சம் 18 எங்கடா போச்சு என்று கேட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனவன் நான். இப்போதும் அவன் போன் செய்தால் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

அன்றைக்குப் பேரனிடமிருந்து போனை வாங்கினேன். "அவன் நல்லா படிக்கிறான்டா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "182-ம் நல்ல மார்க்குதான்டா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அதையா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்றான். மறுபடி கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா இருக்காங்களாப்பா?" என்றான்.

"இருக்கா. குடுக்கறேன். நீ சாப்பிட்டியா?" என்றேன்.