காட்

பாரிஸில் எங்கள் தமிழர் கூடும் லாச்சப்பலில் ‘காட்’ என்று சொன்னால், எந்தக் காட் என்று கேட்டாக வேண்டும். மருந்துக்கடையில் அது மருத்துவக் காப்புறுதிக்கான வித்தால் காட். காசு எடுக்கும் மெஷினுக்கு முன்னால் பாங்க் காட். வீட்டுக்கு வந்து வைப்பது கல்யாணக் காட். தொண்ணூறுகளில் ஊரோடு கதைக்க ரெலிபோன் காட் வாங்கி, நம்பரைச் சுரண்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். முன்னூற்றி நாலு விளையாடுபவர்கள் மட்டும் சீட்டைக் கடதாசி என்பார்கள். அதுவும் போர்த்துக்கேயர் தந்துபோன சொல், காட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

ஆனால் அடைமொழி எதுவுமின்றி “அவருக்குக் காட் கிடைச்சிட்டுது” என்றால் இங்கே ஒரே பொருள்தான்: பத்து வருட வதிவிட அட்டை. இலங்கையில், ஊரில் ஐ.சி. என்ற அடையாள அட்டை இல்லாமல் இராணுவச் சென்றி தாண்ட முடியாதிருந்த சனத்துக்கு அதன் அருமை தெரியும். அந்த அருமை மெல்ல மெல்ல ஆளை நிறுக்கும் படிக்கல்லாக மாறியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்கமுன் “தம்பிக்குக் காட் இருக்கோ?” என்று கேட்டார்கள். காட் இல்லாத பொடியனுக்கு அறையில் இடம் கொடுக்கத் தயங்கியவர்களையும் கண்டிருக்கிறேன்.

அந்தக் காட் எப்படி வந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும். 1983 ஒக்டோபரில், பெரும்பாலும் வட ஆபிரிக்கக் குடும்பங்களில் பிறந்த இளையோர் சிலர், நிறவெறிக்கு எதிராக மார்செய்யிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 3 பாரிஸ் வந்து சேர்ந்தபோது அவர்களோடு பல்லாயிரம் பேர் நடந்தார்கள். ஜனாதிபதி மித்தரோன் அவர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து, வசிக்கவும் வேலை செய்யவும் ஒரே அட்டை தருவதாக வாக்களித்தார். 1984 ஜூலை 17 அது சட்டமானது. இலங்கையில் எங்கள் வீடுகள் ஆடிக்கலவரத்தில் எரிந்த அதே 1983ஆம் ஆண்டில், எங்களை அறியாத பிள்ளைகள் நடந்த நடையின் பலனை நாங்கள் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்.

2015இல் லாச்சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழ் சூடான், எரித்திரியா நாட்டவர்கள் கூடாரமடித்துக் கிடந்தார்கள். ஜூன் 2 பொலிஸ் வந்து அப்புறப்படுத்தியது. “இவங்களால வியாபாரம் கெடுது” என்று எங்கள் ஆட்களே சொன்னது என் காதில் விழுந்தது. என் பேரப்பிள்ளைகளாவது அப்படி ஆகக்கூடாது. அவர்களுக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. தெருவில் யாராவது அலுவலகக் கடிதத்தை நீட்டினால், எந்த நாட்டவரென்று பாராமல் நின்று வாசித்துச் சொல்லுங்கோ என்று அவர்களிடம் சொல்லிவருகிறேன்.