தோற்ற மறுநாள் சார் என்ன சொன்னார்?

2025 நவம்பர் 26. குவாஹாட்டியில் 549 ரன் இலக்கைத் துரத்திய இந்திய அணி 140 ரன்னில் சுருண்டது. தென்னாப்பிரிக்காவுக்கு 408 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ரன் கணக்கில், டெஸ்ட் வரலாற்றிலேயே இந்தியாவுக்கு இதுதான் மிகப் பெரிய தோல்வி. அன்று சாயங்காலம் தென்காசி டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். கவுதம் கம்பீரை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

காசி விசுவநாதர் கோயில் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு இரண்டு நாளாக ஓயவில்லை. அங்கே இதே கேள்வி இன்னொரு வடிவத்திலும் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஊருக்கே ‘பி.டி. சார்’. மகன் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கிரிக்கெட் ஆடுகிறாள். அவளுடைய டீம் வரிசையாக மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டது. கோச்சை மாற்றிவிடலாம், திருநெல்வேலிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று மகன் முடிவு கட்டியிருந்தார். போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வர அதே தூரம். அது போகட்டும், தோற்கிற இடத்தில் பிள்ளை இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

கம்பீர் விஷயத்திலும் மகனுடைய கட்சி அதேதான். கையில் கணக்கு வைத்துக்கொண்டுதான் பேசினார். சொந்த மண்ணில் வரிசையாக 18 டெஸ்ட் தொடர்களை வென்ற அணி இது. 2024-ல் நியூசிலாந்து வந்து மூன்றுக்கு மூன்று என்று வாரிக்கொண்டு போனது. பெங்களூருவில் 46 ரன்னுக்கு ஆல் அவுட். மும்பையில் 147 ரன் அடிக்க முடியாமல் 121-ல் முடிந்தது. இப்போது கொல்கத்தாவில் 124 அடிக்க முடியாமல் 93. கம்பீர் வந்த பிறகு உள்ளூரில் ஆடிய 9 டெஸ்ட்டில் 5 தோல்வி.

“கடையில ஒரு ஆளு இப்படி நஷ்டம் காட்டினா நான் வச்சிருப்பேனாப்பா?”

பி.டி. சார் விடவில்லை. “டங்கன் பிளெச்சர் காலம் ஞாபகம் இருக்காலே?” என்றார். 2011-ல் இங்கிலாந்தில் 4-0. அடுத்து ஆஸ்திரேலியாவில் 4-0. 2012-ல் உள்ளூரிலேயே இங்கிலாந்திடம் தொடர் தோல்வி. அப்போதும் மாற்று, மாற்று என்றுதான் நாடே கத்தியது. கிரிக்கெட் வாரியம் மாற்றவில்லை. 2013 தொடக்கத்தில் அதே ஆஸ்திரேலியாவை 4-0 என்று இங்கே தோற்கடித்தார்கள். ஜூனில் சாம்பியன்ஸ் டிராபியையும் வென்றார்கள்.

“அப்ப கிரெக் சேப்பல்? அவரையும்தான் மாத்தாம வச்சிருந்தாங்க. 2007 உலகக் கோப்பையில முதல் ரவுண்டோட வீட்டுக்கு வந்தோமே?”

இதற்குப் பெரியவரிடம் உடனடிப் பதில் இல்லை. பொறுத்ததால் ஜெயித்ததும் உண்டு, பொறுத்ததால் கெட்டதும் உண்டு.

பேத்திதான் மூன்றாவது கதையை எடுத்தாள். ஆண்கள் அணியைப் பற்றியே பேசுகிறவர்கள் பெண்கள் அணியைப் பார்ப்பதே இல்லை என்று அவளுக்குக் கோபம். 2018-லிருந்து 2023-க்குள் அங்கே எத்தனை மாற்றம்! துஷார் அரோத்தே போனார், ரமேஷ் பவார் வந்தார். பவார் போனார், நம்ம சென்னைக்காரர் டபிள்யூ.வி. ராமன் வந்தார். 2020 டி20 உலகக் கோப்பையில் அணியை மெல்போர்ன் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர் ராமன். அடுத்த ஆண்டே அவரை விட்டுவிட்டு மறுபடியும் பவாரைக் கொண்டுவந்தார்கள். பிறகு அவரையும் மாற்றினார்கள். 2023 அக்டோபரில் அமோல் முசும்தார் வந்தார். 2025 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி வந்தபோது அவரையும் திட்டாத ஆள் இல்லை. நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் கோப்பையைத் தூக்கியது அதே அணி, அதே கோச்.

“மூணு மேட்ச் தோத்த உடனே மாத்தியிருந்தா கப் வந்திருக்குமா?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். கேள்வி முசும்தாரைப் பற்றி மட்டும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் குற்றாலத்துக்குப் போனார்கள். கார்த்திகை மாதம், ஐயப்ப சாமிமார் கூட்டம். மலையில் மழை பலத்தால் அருவியில் தண்ணீர் செந்நிறமாகப் பாயும். உடனே போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிடும். எத்தனை தூரத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் வெள்ளம் தணிகிற வரை கரையில் நின்றுதான் ஆக வேண்டும்.

ஐந்தருவி போகிற வழியில் பெரியவர் பேத்தியிடம் மெல்லக் கேட்டார்.

“ஏட்டி, மூணாவது மேட்ச் தோத்த அன்னைக்கு உங்க சார் என்ன சொன்னாரு?”

“திட்டல தாத்தா. ‘நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு. நீ ஸ்வீப் ஆடும்போது தலை சாயுது, அதைப் பாப்போம்’னாரு. அடுத்த மேட்ச்லயும் நான் ஒன் டவுன்தானாம்.”

பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். “போதுமாலே?”

முப்பது வருஷம் மைதானத்தில் நின்றவர் அவர். எந்த கோச்சும் எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். தோற்ற மறுநாள் ஆட்டக்காரருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: தான் எதைத் திருத்த வேண்டும், அடுத்த ஆட்டத்தில் தன் இடம் எது. அதைச் சொல்லத் தெரிந்தவர் தோற்றாலும் இருக்கலாம். சொல்லத் தெரியாதவர் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

மகன் பதில் சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலிப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை.

இந்த அளவுகோலை கம்பீர் பக்கம் திருப்பினால் அவருக்குச் சாதகமாக மட்டும் இருக்காது. 2025-ல் மட்டும் இந்திய டெஸ்ட் அணியின் மூன்றாம் இடத்தில் இறங்கியவர்கள் யார் யார் என்று பாருங்கள். லீட்ஸில் சாய் சுதர்சன். அடுத்த டெஸ்ட்டில் கருண் நாயர். பிறகு மீண்டும் சாய் சுதர்சன். கொல்கத்தாவில் சாயை உட்கார வைத்துவிட்டு வாஷிங்டன் சுந்தர். ஒரே வாரத்தில் குவாஹாட்டியில் மறுபடியும் சாய். கொல்கத்தாவில் மூன்றாவதாக இறங்கிய வாஷிங்டன் அங்கே எட்டாவது ஆள். இருவருமே நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அடுத்த டெஸ்ட்டில் தங்கள் இடம் எது என்று அவர்களால் அந்தப் பேத்தியைப் போல உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஆடுகளக் கதையும் இதே மாதிரிதான். கொல்கத்தாவில் பந்து தாறுமாறாகத் திரும்பியது. தாங்கள் கேட்ட ஆடுகளம் அதுதான் என்று கம்பீரே சொன்னார். அப்படிப்பட்ட ஆடுகளத்தில் நம் சுழலுக்கும் எதிரியின் சுழலுக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. நியூசிலாந்து சொல்லித் தந்த பாடத்தை தென்னாப்பிரிக்காவின் சைமன் ஹார்மரும் ஒருமுறை சொல்லித் தந்துவிட்டுப் போனார்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அஸ்வின் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். ரோஹித், கோலி இருவரும் 2025 மே மாதம் டெஸ்ட்டிலிருந்து விலகினார்கள். தூண்கள் மூன்றும் போன அணி, சுப்மன் கில் தலைமையில் இங்கிலாந்தில் 2-2 என்று சமன் செய்தது. சாம்பியன்ஸ் டிராபியும் ஆசியக் கோப்பையும் இதே கம்பீர் காலத்தில்தான் வந்தன.

டெஸ்ட்டுக்குத் தனி கோச் வைக்கலாமே என்கிறார்கள். இங்கிலாந்து அப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் மெக்கல்லம் கையிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டது. பாகிஸ்தானில் கில்லெஸ்பி, கேரி கிர்ஸ்டன் என்று இருவரை வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இருவரும் போய்விட்டார்கள். நாற்காலியை இரண்டாக்கினால் மட்டும் தீராது.

அதனால் வெள்ளத்தின் நடுவே இறங்க வேண்டாம். 408 ரன் தோல்வியின் சூட்டில் ஆளை மாற்றினால், அடுத்து வருகிறவரும் அதே குழப்பத்துக்குத்தான் வாரிசாவார். கிரிக்கெட் வாரியம் கம்பீரை உட்கார வைத்து நேராகக் கேட்கட்டும்: மூன்றாம் இடம் யாருக்கு? எத்தனை டெஸ்ட்டுக்கு? எந்த மாதிரி ஆடுகளம்? 2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் ஆட இங்கே வருகிறது. அதற்குள் இந்தக் கேள்விகளுக்கு மைதானத்தில் பதில் தெரிய வேண்டும். தெரிந்தால் இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மூன்றாவது ஆள் வந்துகொண்டிருந்தால், தாராளமாக மாற்றட்டும். அந்த முடிவில் கோபம் இருக்காது, காரணம் இருக்கும்.