எட்டில் ஒரு துண்டு

கோவில்பட்டிப் பக்கம் உளுந்தும் பருத்தியும் விளைகிற கரிசல் ஊர் எங்களுடையது. நான் ஏழாவது படிக்கும்போது, 2010 பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கையில் நோக்கியா 3110 கிளாசிக் இருந்தது. வீட்டில் இருந்த 1100-ல் பேசலாம், டார்ச் அடிக்கலாம், பாம்பு விளையாடலாம், அவ்வளவுதான். "இதுல நெட்டே வரும்லே" என்றார் சித்தப்பா.

நெட் லேசில் வந்துவிடாது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஜிபிஆர்எஸ் செட்டிங்ஸ் கேட்க வேண்டும். மெசேஜாக வரும் அதைச் சேமிக்கப் போனால் ரகசிய எண் கேட்கும். 1234 அடித்து, போனை அணைத்துப் போட வேண்டும். அந்தச் செட்டிங்ஸில் உயிரான சங்கதி 'ஆக்சஸ் பாயின்ட் நேம்'. எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று நெட்வொர்க்குக்குச் சொல்கிற பெயர் அது. பெயர் சரியாக இருந்தால் போனுக்குத் தற்காலிகமாக ஒரு ஐபி முகவரி கிடைக்கும். திரையின் மேல் ஓரத்தில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து முளைக்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரக்கும்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு வாங்குவார்கள். இதில் 10 கிலோபைட்டுக்கு 10 பைசா. அதனால் ஓபரா மினியில்தான் போவோம். கேட்ட பக்கத்தை அதன் சர்வர் முதலில் வாங்கிச் சுருக்கி, பிறகு நமக்கு அனுப்பும். ஆனால் தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார் சித்தப்பா. முகவரி அடிக்கிற இடத்தில் 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, திறக்கிற பக்கத்தின் அடியில் 'நோ' என்றிருப்பதை 'யெஸ்' ஆக்கினார். அதன்பின் தமிழ் எழுத்துகள் படங்களாக இறங்கின. கூடுதல் காசுதான். ஆனாலும் அவர் அதை மாற்றவே இல்லை.

ஒருநாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, தமிழ் விக்கிப்பீடியாவில் தனுஷ்கோடி பற்றி ஆச்சிக்கு வாசித்துக்காட்டினேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றி ஆச்சி அடிக்கடி சொல்வாள். பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோன இடம் வந்ததும், வெற்றிலை மெல்வதை நிறுத்திக்கொண்டாள். அடுத்த பகுதி இறங்கிக்கொண்டிருக்கையில் சித்தப்பாவுக்கு ஒரு அழைப்பு. பக்கம் அப்படியே நின்றுவிட்டது. அவர் பேசி முடித்துப் போனைத் தந்ததும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காமல் விட்ட இடத்திலிருந்தே இறங்கியது. "யாருலே இதையெல்லாம் எழுதிப் போட்டது?" என்றாள் ஆச்சி. "நம்மள மாதிரி ஆளுகதான் ஆச்சி" என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அன்று ஏன் நின்றது, எப்படித் தொடர்ந்தது என்பது பொறியியல் படிக்கும்போதுதான் விளங்கியது. ஜிஎஸ்எம் கோபுரம் தன் அலைவரிசை ஒவ்வொன்றையும் எட்டு நேரத் துண்டுகளாகப் பிரிக்கிறது. பேசுகிறவருக்கு ஒரு துண்டு. அவர் வாய் மூடியிருந்தாலும் பேச்சு முடியும்வரை அது அவருக்கே. பேச்சுக்குப் போக மிச்சம் கிடக்கும் துண்டுகள்தான் ஜிபிஆர்எஸ்ஸின் பிழைப்பு. தகவல் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டு, போகவேண்டிய முகவரியைச் சுமந்துகொண்டு, காலியான துண்டில் ஏறிப் போகும். நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போது அதே துண்டில் இன்னொருவரின் பாக்கெட் போகும். காசை அளவு பார்த்து வாங்கியது இதனால்தான். ஊரே வெளியூர்ப் பிள்ளைகளோடு பேசுகிற ஏழு மணிக்குப் பக்கம் நகராததும், ஊர் அடங்கியபின் ஓடியதும் இதனால்தான். ஒரு துண்டின் உச்ச வேகமே நொடிக்கு 21.4 கிலோபிட். எங்கள் போனுக்குப் பேச்சையும் நெட்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தெரியாது. ஆனால் அழைப்பு முடியும்வரை ஐபி முகவரியையும் தொடர்பையும் நெட்வொர்க் கலைக்காமல் வைத்திருந்தது.

இன்று 4ஜி-யில் பேச்சே பாக்கெட்டாகத்தான் போகிறது. அன்று பேச்சின் மிச்சத்தில் பிழைத்த தரவு இன்று பேச்சையும் சுமக்கிறது. நூலகம் இல்லாத எங்கள் ஊரில் எனக்கு வாசிப்பைத் தந்தது அந்த மிச்சம்தான். வீணாகப் போகும் ஒரு நொடித் துணுக்கையும் யாருக்காவது கொடு என்று யோசித்த பொறியாளர்களுக்கும், அதில் ஏறிவரத் தமிழில் எழுதி வைத்தவர்களுக்கும் நான் கடன்பட்டவன். கோபுரம் எட்டாத மலையூர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் அந்த ஒரு துண்டு போய்ச் சேர வேண்டும்.