எண்ணூரின் வாசல்

அலாஸ்காவில் நெனானா என்ற சிற்றூர்க்காரர்கள், உறைந்து கிடக்கும் டனானா ஆறு எந்த நாளில், எந்த நிமிடத்தில் உடைந்து ஓடும் என்று 1917 முதல் பந்தயம் கட்டிக் காத்திருக்கிறார்கள். வடசென்னையின் கடைக்கோடியான எண்ணூரிலும் ஆற்றை மறிக்கும் ஒன்று உண்டு. அது மணல். பூண்டியிலிருந்து மணலி புதுநகர் வழியாக வரும் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், அலைகள் ஒதுக்கும் மணல் திட்டாகிவிடும். பருவமழையில் பூண்டி ஏரியின் உபரி நீர் திறக்கப்பட்டால், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் மக்களின் கவனமெல்லாம் அந்தத் திட்டின் மேல்தான். வெள்ளம் அதை அறுத்துக்கொண்டு கடலில் இறங்குகிறதா என்று பார்ப்பதை வேடிக்கை என்று சொல்லக் கூடாது. படகு கடலுக்குப் போவதும், இறால் குஞ்சு உள்ளே வருவதும், வீட்டுக்குள் தண்ணீர் ஏறாமல் இருப்பதும் அதைப் பொறுத்தவை. அனல்மின் நிலையம், துறைமுகம், உரத்தொழிற்சாலை என்று அடுக்கி எண்ணூரை அறிமுகம் செய்வதே வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த ஊரின் உயிர்நிலை முகத்துவாரம்தான்.

மணல் அடைத்தால் தூர்வாரலாம், இருபுறமும் கல்சுவர் எழுப்பலாம், இதற்கு ஏன் கவலை என்று கேட்கலாம். தூர்வாரத்தான் வேண்டும். ஆனால் முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது இயந்திரம் மட்டுமல்ல; ஓதம் ஏறும்போது கழிமுகத்துக்குள் பரவி, வற்றும்போது வேகத்தோடு வெளியேறும் நீர்தான் அன்றாடம் மணலைத் தள்ளுகிறது. உள்ளே நீர் பரவ இடம் சுருங்கினால் அந்த வேகமும் குறையும். எண்ணூரில் அதுதான் நடந்திருக்கிறது: அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் ஆற்றுப்படுகையை மேடாக்கியிருக்கிறது, சதுப்பு நிலத்தின் மேல் கட்டுமானங்கள் எழுந்திருக்கின்றன. பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் இந்தச் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. கல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராயபுரமே சாட்சி. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்துக் கரை அரித்தது.

தொழிற்சாலை இல்லாமல் வேலையும் மின்சாரமும் ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளம் வடிவதற்கு ஆலைகளுக்கும் இதே வாசல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கே வந்துதான் படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் அப்பியது. ஆகவே கழிமுகத்தில் இனி ஒரு கூடை சாம்பலோ மண்ணோ விழக் கூடாது. படிந்த சாம்பலை முழுவதும் அள்ள வேண்டும். எங்கே, எந்த ஆழத்துக்கு அள்ளுவது என்று முடிவு செய்யும் இடத்தில் குப்பத்து மீனவர்களும் உட்கார வேண்டும்.